படகுக்காரன் கேட்காத கேள்வி

டாரின் ஹால்வர்சன் எங்கள் கப்பலுக்கு வந்த அன்று நான் இருபது மணி நேரமாகத் தூங்கியிருக்கவில்லை. அதனால் அவனைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் பெற்ற தாய் வந்து நின்றிருந்தாலும் எரிந்துதான் விழுந்திருப்பேன்.

நார்ஃபோக் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது எங்கள் விமானந்தாங்கிக் கப்பல். ஐயாயிரம் பேர் குடியிருக்கும் அந்த இரும்பு ஊரில், அடித்தளத்தில் இரண்டு அணு உலைகளைக் கட்டி மேய்க்கிற நானூற்றுச் சொச்சம் பேரில் நானும் ஒருத்தி. ரோக்ஸான் பெல்ட்ரான், இரண்டாம் இஞ்சின் ரூமுக்கு சீஃப். மேலே விமானம் ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்குக் காதால் மட்டும்தான் தெரியும். எங்கள் முகத்தில் வெயில் பட்டால் அன்று ஏதோ தீயணைப்புப் பயிற்சி என்று அர்த்தம்.

அவன் தோளில் மூட்டையோடு வந்து நின்றான். முப்பத்தொரு வயது. கோதுமை நிறப் புருவம். எங்களைவிட வெளுத்த ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

“படகுல எத்தன வருஷம்?” என்று கேட்டேன். நீர்மூழ்கியைக் கப்பல் என்று சொன்னால் அந்த ஆட்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படகு என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஒம்பது, சீஃப்.”

“எத்தன ரோந்து?”

“எட்டு.”

“எட்டு ரோந்து போனவன் ஏன்யா இங்க வந்து விழுந்த?”

“எழுதிக் குடுத்துட்டேன்.”

அவ்வளவுதான் பதில். ஆனால் எங்களுக்கு அது போதும். நீர்மூழ்கிக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை. விருப்பம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் “இனி விருப்பமில்லை” என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், எங்களிடம் அனுப்புவார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவனைப் படகுக்காரர்கள் பந்தியில் பாதியில் எழுந்து போனவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களோ, எங்கிருந்தோ துரத்தப்பட்டவன் என்று நினைப்பார்கள். பாவம், இரண்டு கரையிலும் மரியாதை இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடிபட்டவர்கள்தான். தென் கரோலினாவில் கூஸ் கிரீக்கில் ஆறு மாதம் புத்தகம். படித்ததை வகுப்பறையை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பதால் வாரத்துக்கு எண்பது மணி நேரம் அங்கேயே குந்தியிருப்போம். அப்புறம் பயிற்சி உலையில் இன்னொரு ஆறு மாதம். அதற்குப் பிறகுதான் வழி பிரியும். பாதிப் பேர் படகுக்கு, பாதிப் பேர் கப்பலுக்கு. என் காலத்தில் என்னைப் போன்ற பெண்களுக்குப் படகு கிடையாது. அதனால் எது நல்லது என்று யோசிக்கிற தொல்லை எனக்கு இருக்கவில்லை. டாரின் வடக்கு டகோட்டாக்காரன். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கடலையே பார்க்காமல் வளர்ந்தவன் கடலுக்கு அடியில் போக ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

எட்டு ரோந்து போனவன் என்று இங்கே சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. உலை வேறு, குழாய் வேறு, வால்வு வேறு. அத்தனையையும் முதலிலிருந்து படித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். நேற்று வந்த வாண்டுகளெல்லாம் அவனை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அவன் முகம் சுளிக்காமல் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். நாலு மாதத்தில் முடித்தான். எனக்குப் பிடிக்காமல் போனவன் பிடித்துப்போனது அப்படித்தான்.

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மட்டும் அவனிடமிருந்து நாலு வார்த்தை வாங்கலாம். எங்கள் வரிசை அவ்வளவு நீளம். நாற்பது நிமிஷம் நின்று ஒரு கோழி ரொட்டியை வாங்கினால் அது செருப்பு மாதிரி இருக்கும்.

“படகுல எப்டி?” என்று கேட்டேன் ஒருநாள்.

“அங்க சமையக்காரனுக்கு என் பேரு தெரியும் சீஃப். வெங்காயம் சேக்காதன்னு அவனுக்கே தெரியும். காலைல பட்டை போட்ட பன்னு வாசன இஞ்சின் ரூம் வரைக்கும் வரும்.”

“போதும், வயித்தெரிச்சலக் கெளப்பாத. படுக்கை?”

“சின்னப் பசங்களுக்குத் தனிப் படுக்கையே கெடையாது. ரெண்டு படுக்கை, மூணு பேரு. ஒருத்தன் டூட்டிக்கு எந்திரிச்சா இன்னொருத்தன் அந்தச் சூட்டுலயே போய்ப் படுக்கணும்.”

“சீச்சீ.”

“பழகிடும். நூத்தம்பது பேருல எல்லாரும் எல்லாருக்கும் தெரியும். கேப்டனே நம்ம ஸ்கூல்ல படிச்சவருதான். இஞ்சின் ரூமுக்கு வந்தாருன்னா கேக்கற கேள்விலயே தெரியும்.”

“இங்க கேப்டன் உன்ன மாடிப்படில இடிச்சாக்கூட யாருன்னு தெரியாது. ஆனா ஒண்ணுய்யா, எங்க கப்பல்ல கதவத் தெறந்தா காத்து வரும். உங்க டப்பால?”

சிரித்தான். “கதவத் தொறந்தா தண்ணி வரும், சீஃப்.”

அவன் அடித்த ஜோக்குகளில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் உருப்படி.

ஏன் எழுதிக் கொடுத்தான் என்பதை அவனாகவே ஒரு டூட்டியில் சொன்னான். மீட்டர் முள் அசையாமல் நிற்கிற, ஐந்து மணி நேரமும் ஒன்றும் நடக்காத டூட்டி. நூற்றுப் பத்து டிகிரிச் சூட்டில் நின்று மணிக்கொரு தடவை எண்களை எழுதிக்கொண்டிருந்தோம்.

“ரோந்துக்கு முன்னாடி ஒரு தாள் குடுப்பாங்க,” என்றான். “வீட்ல யாராவது செத்துப்போனா அப்பவே சொல்லணுமா, திரும்பி வந்தப்புறம் சொல்லணுமான்னு.”

“நீ எதுல டிக் போட்ட?”

“எல்லாரும் போடறதுலதான். திரும்பி வந்தப்புறம். தெரிஞ்சு என்ன பண்றது? படகு மேல வராது. நம்மகிட்டருந்து ஒரு வார்த்த வெளிய போகாது.”

அவன் அப்பா ஜெரால்டு, ஊரில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். ரோந்து போன பத்தொன்பதாம் நாள் கிடங்கு ஏணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எழுபத்தொன்றாம் நாள் படகு வாஷிங்டன் மாநிலக் கரைக்குத் திரும்பியது. கயிறு கட்டுவதற்கு முன்னால் கேப்டன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காபி ஊற்றிக் கொடுத்தார்.

“அம்பத்திரெண்டு நாளு, சீஃப். எங்கப்பாவப் பொதச்சு அதுமேல புல்லு மொளச்சிருக்கு. நான் அங்க பீட்சா நாள்ல மூணு துண்டு தின்னுட்டு சீட்டாடிட்டிருந்திருக்கேன்.” மீட்டர் எண்ணைத் தாளில் எழுதினான். “ட்ரீனாவுக்கு ஏதாவதுன்னா இப்டி ஆகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இங்க போன் இருக்கு. தகவல் வந்தா ப்ளேன்ல ஏத்தி அனுப்பறாங்க. அது போதும் எனக்கு.”

ட்ரீனா அவன் மனைவி. அவளை எனக்குத் தெரியும், செசபீக்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்திருந்தாள். பல் டாக்டரிடம் முன்மேசை வேலை. சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அப்படி ஒரு சிரிப்பு. என் புருஷன் நெஸ்டர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், ஊருக்கெல்லாம் ஒத்தாசை. அவள் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரம் படுத்தால் இவர்தான் போய் எழுப்புவார். நாங்கள் கடலுக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து.

அந்த வருஷம் ஏழு மாதப் பயணம். நாலாவது மாதம் அரபிக் கடலில் கிடந்தோம். கடல் தண்ணீரே வெந்நீராக இருக்கிற பருவம். ஐந்து மணி நேரம் டூட்டி, பத்து மணி நேரம் ஓய்வு என்று தாளில் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தில் பயிற்சி, பழுதுவேலை, துடைப்பது, தேர்வு எல்லாம் போக நாலு மணி நேரம் கண்ணை மூடினால் அதிர்ஷ்டம். ஆண்டவன் நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் என்று வைத்தான். எங்கள் கடற்படை அதைப் பதினைந்தாக வெட்டியது. டாரினின் படகில் முன்பெல்லாம் பதினெட்டாம். “அங்க மூணு மணி நேரம் அதிகம்,” என்று அவன் ஏதோ சொத்து இழந்தவன் மாதிரி சொல்வான். தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று தெரியாது, தட்டில் முட்டை இருந்தால் காலை. அப்போது எங்கள் எல்லோருக்குமே உடம்பில் எலும்புக்குப் பதில் ஈரத்துணி இருந்தது.

அந்தச் சோர்வில்தான் ஒருநாள் நெஸ்டருக்குப் போன் போட்டேன்.

“செவ்வாக்கெழம பஸ் லீவு போட்டேன்,” என்றார் பேச்சுவாக்கில். “ட்ரீனாவ கூட்டிட்டுப் போகணும்ல.”

“எங்க?”

அந்தப் பக்கம் மூச்சே இல்லை.

“நெஸ்டர், எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“அய்யய்யோ. உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன் ரோக்ஸ்.”

“இப்ப சொல்லலேன்னா நான் நீந்தியே வீட்டுக்கு வருவேன்.”

சொன்னார். மார்பகப் புற்றுநோய். தெரிந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆபரேஷனே முடிந்து மூன்று வாரம். இப்போது வாரா வாரம் மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் நெஸ்டரின் காரில் வாந்தி எடுக்க ஒரு வாளி. டாக்டர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை என்றார் அவர். பிழைப்பாளா என்று கேட்டேன். “தெரியல ரோக்ஸ்,” என்றார்.

“டாரினுக்கு?”

“தெரியக் கூடாதாம்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உடனே ட்ரீனாவுக்கு மெயில் எழுதினேன். எழுதினேன் என்ன, திட்டினேன். மறுநாள் பதில் வந்தது. ஒன்பது வருஷம் படகுக்காரனுக்கு எழுதிப் பழகிய கை. நாலே வரி.

“ரோக்ஸ், தயவுசெஞ்சு சொல்லாத. அவன் கைல ரியாக்டர் இருக்கு. கெட்ட சேதி எழுதக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியல.”

படகுக் குடும்பங்களின் வழக்கம் அது. படகுக்குப் போகிற மெயிலை முதலில் ஓர் அதிகாரி படிப்பார். கெட்ட செய்தி இருந்தால் எடுத்து வைத்துவிடுவார். ஆகவே அந்த வீட்டுப் பெண்கள் நாய்க்குட்டியைப் பற்றி எழுதுவார்கள், மழையைப் பற்றி எழுதுவார்கள், கூரை பறந்துபோனால் காற்று நன்றாக வருகிறது என்று எழுதுவார்கள். எங்கள் கப்பலில் மெயிலை அப்படி எடுத்து வைக்க ஒருத்தருமில்லை. ஆனால் ட்ரீனா இன்னும் அந்த அதிகாரிக்குப் பயந்தே எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். என் ஆயுளில் அது சாதனை. மூன்றாம் நாள் முடியவில்லை. டூட்டி மாறும்போது அவனைப் பம்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“டாரின், உக்காரு. ட்ரீனாவுக்கு உடம்பு சரியில்ல.”

உட்காரவில்லை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “தெரியும் சீஃப்,” என்றான்.

“என்னது?”

“என்னன்னு தெரியாது. பெருசா ஏதோன்னு தெரியும்.”

மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வியர்வையில் ஊறி, மடித்து மடித்து நைந்த தாள். அதில் எண்கள் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்தாறு வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. பதினேழுக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை.

“ட்ரீனா மெயிலுக்கெல்லாம் நம்பர் போடுவா. படகுல எல்லார் வீட்லயும் போடுவாங்க. மெயிலு முன்னபின்ன வரும், எது எங்கன்னு தெரியணும்ல. ஒரு நம்பர் வராமப்போனா அத எடுத்து வச்சுட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. நம்பர் விட்டுப்போனவன்கிட்ட பக்கத்துல இருக்கறவன் கொஞ்சம் நல்லா நடந்துப்பான், அவ்ளோதான்.”

“இங்கதான் எவனும் எடுத்து வைக்கறதில்லையே!”

“அதான் சொல்றேன். அப்ப அவளே எழுதிட்டு அனுப்பல.”

“எப்பப் பாத்த?”

“பதினெட்டு வந்த அன்னிக்கே. அஞ்சு வாரம் ஆச்சு.”

“உங்கப்பா செத்தப்ப?” என்று கேட்டேன்.

“ஆறாம் நம்பர் வரல.”

“அம்பத்திரெண்டு நாள் தெரியாம இருந்தேன்னு சொன்னியே.”

“யாருன்னு தெரியாம இருந்தேன்.”

அப்போதுதான் கத்தினேன். இஞ்சின் ரூம் சத்தத்தில் கத்தினால்தான் பேச்சே கேட்கும், ஆனால் அன்று நான் கத்தியது மேல்தளம் வரை கேட்டிருக்கும் என்று கீட்டன் என்கிற எலக்ட்ரீஷியன் பிற்பாடு சொன்னான்.

“யோவ், இது படகில்லய்யா! மேல முப்பதடில போன் இருக்கு! அதுக்காகத்தான வந்த? அப்பனுக்கு ஆன மாதிரி ஆகக் கூடாதுன்னுதான எழுதிக் குடுத்துட்டு வந்த? அஞ்சு வாரமா அந்தத் தாளச் சட்டப்பையில வச்சுட்டு என்னத்தய்யா புடுங்கின? ஒரு போன் போட்டு என்னடி ஆச்சுன்னு கேக்க மாட்டியா? வாய்ல என்ன பூட்டா போட்ருக்கு?”

அவன் தாளை மடித்தான். நாலாக, எட்டாக. “கேட்டா பதில் வந்துடும், சீஃப்,” என்றான். “கேக்காத வரைக்கும் அவ நல்லா இருக்கா.”

இத்தனை வருஷத்தில் எனக்கு அறைய வேண்டும் என்றும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றிய ஆள் அவன் ஒருவன்தான். இரண்டும் செய்யவில்லை. நோயின் பெயரைச் சொன்னேன். ஆபரேஷனைச் சொன்னேன். நெஸ்டரின் காரையும் வாளியையும் சொன்னேன். அவன் பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்த இரும்பு கொதிக்கும். எடுக்கச் சொல்லி நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மாடிப்படி ஏறிப் போன் இருக்கும் இடத்துக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். பாதி வழியில் ஒலிபெருக்கி கரகரத்தது. “ரிவர் சிட்டி” என்று அறிவித்தார்கள். கப்பல் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாத காரியம் ஏதாவது இருந்தால் போன், மெயில் எல்லாவற்றையும் மொத்தமாக அறுத்துவிடுவார்கள், அதற்கு அந்தப் பெயர். எத்தனை நாள் என்று சொல்ல மாட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். டாரின் மட்டும் செத்துப்போன போனுக்கு எதிரே நின்றான்.

நாலு நாள். அந்த நாலு நாளும் ஐயாயிரம் பேரும் படகுக்காரர்கள்தான். அவன் ஒரு டூட்டியைக்கூட விடவில்லை. நான் மாற்றிவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். மணிக்கொரு தடவை எண்களை எழுதினான். ஓர் எழுத்து கோணவில்லை, பின்னாலேயே போய்ச் சரிபார்த்தேன். சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கீட்டன் தன் பங்குப் பீட்சாவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். டாரின் அதைத் தொடவில்லை. அவன் படகில் இல்லாத ஒரு கொடுமை எங்கள் கப்பலில் இருந்தது, தெரிந்துகொண்டு சும்மா இருப்பது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த நாலு நாளாவது மிஞ்சியிருக்குமே என்று எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் போன் இணைப்பு திரும்ப வந்தது. சீஃப் என்கிற அதிகாரத்தை வைத்து வரிசையில் முன்னால் நிறுத்தினேன். எவனும் வாயைத் திறக்கவில்லை. ஒட்டுக்கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பக்கத்திலேயே நின்றேன், அவன் பேசாமல் வைத்துவிடுவான் என்று பயம்.

“ட்ரீனா,” என்றான். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. “சீஃப் சொன்னாங்க. அவங்களத் திட்டாத.” அவள் ஏதோ கேட்டாள். இவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். “இல்ல. கவனிக்கல. டூட்டில எல்லாம் கொழம்பிப்போச்சு. நம்பர்லாம் எங்க பாத்தேன்.”

எதற்காக இந்தப் பொய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் இன்னொரு மல்லுக்கட்டு. அவனை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் வீட்டிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்லி, அவர்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்துக் கப்பலுக்குத் தந்தி மாதிரி ஒன்று அனுப்ப வேண்டும். அதாவது ட்ரீனா தன் வாயால் முன்பின் தெரியாத ஒருவரிடம் “எனக்குக் கேன்சர், என் புருஷனை அனுப்புங்கள்” என்று சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். அவன் டூட்டியை வேறு யார் பார்ப்பார்கள், எல்லோரும் செத்துச் சுண்ணாம்பாகிக் கிடப்பார்களே என்றாள். நான் போனைப் பிடுங்கினேன்.

“இந்தா பாருடி. அவன் டூட்டிய நாங்க பாத்துப்போம். அவன் இல்லேன்னா இந்தக் கப்பல் மூழ்கிடாது. நாங்க நானூறு பேரு இருக்கோம், எவன் பேரும் எவனுக்கும் தெரியாது. இது ஒண்ணுதான் இங்க நல்ல விஷயம். கூப்புடு அவங்கள.”

கூப்பிட்டாள். இரண்டு நாளில் தகவல் வந்தது. சரக்கு விமானத்தில் தபால் மூட்டைகளுக்கு நடுவே பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து அவனை அனுப்பினோம். வழியனுப்ப மேல்தளத்துக்கு ஏறினேன். அந்தப் பயணத்தில் நான் வெயிலைப் பார்த்தது அன்றுதான். கண் கூசி, அவன் ஏறியதைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அவன் டூட்டியை நானும் கீட்டனும் இன்னொருவனும் பங்கு போட்டுக்கொண்டோம். மிச்ச மூன்று மாதம் நான் எப்படி நடமாடினேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

டாரின் திரும்பி வரவில்லை. மிச்ச மருந்து முழுக்க அவன்தான் வாளியைப் பிடித்தான். அப்புறம் கரை வேலைக்கு மாற்றிக்கொண்டான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கடற்படையை விட்டு மின்னசோட்டாவில் ஓர் அணுமின் நிலையத்துக்குப் போய்விட்டான். உலை அங்கேயும் உலைதான். ஆனால் எட்டு மணி நேரம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முதல் மாதம் அவனுக்கு அது நம்பவே முடியவில்லையாம்.

இரண்டு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற கோடையில், நானும் நெஸ்டரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ட்ரீனாவுக்கு முடி சுருள் சுருளாக, பாதி நரைத்து, திரும்ப வளர்ந்திருந்தது. டாக்டர் இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றுவிட்டாராம். அந்தச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. பின்கட்டில் டாரினும் நெஸ்டரும் அடுப்பு மூட்டிச் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

“ரோக்ஸ், ஒண்ணு சொல்லட்டா?” என்றாள். “யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பதினேழாம் நம்பர் மெயிலு இருக்கே, அது நான் எழுதவே இல்ல.”

“அப்புறம்?”

“வேணும்னேதான் விட்டேன். டாக்டர்கிட்டருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். அந்த வார்த்தைய அடிக்க வெரலு வரல. ஒம்பது வருஷப் பழக்கம், எங்க வரும்? பதினாறுக்கு அப்புறம் நேரா பதினெட்டுன்னு போட்டேன். நாய்க்குட்டி குளிச்ச கதைய எழுதினேன். அத விட்டா எனக்கு வேற வழி தெரியல. நம்பரப் பாத்தா கேப்பான், கேட்டா சொல்லிடலாம்னு.”

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

“தெனம் போனயே பாத்துட்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் போற அன்னிக்கு நெஸ்டர் கார்ல உக்காந்து கடைசி நிமிஷம் வரைக்கும் பாத்தேன். உள்ள போறப்ப நர்ஸுதான் கைலருந்து வாங்கி வச்சா.” ஓர் உருளைக்கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மொதல்ல அவன் மேல அப்டி ஒரு கோவம். இனிமே இவன்கூட வாழக் கூடாதுன்னுகூட நெனச்சேன். அப்புறம் போன்ல சொன்னான்ல, கவனிக்கவே இல்லன்னு. அப்பதான் எனக்கு உசிரே வந்துது. பாவம், தூங்கவே விடாத கப்பலு. அவன் மேல என்ன தப்பு?”

ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். புகை கண்ணில் பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் அந்தத் தாள் இப்போது இருக்காது. ஆனால் அது இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினேழுக்கு எதிரே இருந்த அந்த வெற்றிடத்தையும் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் மறைப்பது பாவம் என்று இவளையே மெயிலில் திட்டித் தீர்த்தவள் நான்தான்.

“கவனிச்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பான்,” என்றாள் ட்ரீனா. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “இல்ல, ரோக்ஸ்?”

“கேட்டிருப்பான்டி,” என்றேன்.